உளைச்சலின் இழைகள்

வலி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வலிமை என்று பொருள். திருக்குறளில் வலியறிதல் என்றோர் அதிகாரம் இருக்கிறது. அது பேசுவது அரசன் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய ஆற்றலைப் பற்றி. படகோட்டி துடுப்பு வலிக்கிறான் என்றால் அங்கே அது இழுத்தல். கைகால்கள் வெட்டி இழுத்தால் அது வலிப்பு. நாமோ இன்று தோளைப் பிடித்துக்கொண்டு வலி என்கிறோம். ஆற்றல், இழுப்பு, துன்பம் என்ற இம்மூன்று பொருளும் ஒருங்கே குடியிருக்கக்கூடிய இடம் நம் உடலில் ஒன்றே ஒன்றுதான், அது தசை. சொற்பிறப்பு ஆராய்ச்சியில் இறங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் தசை வலியைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய நாள் முதல் இந்தச் சொல் எங்களை விடாமல் தொடர்ந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

வலிக்குத் தமிழில் உள்ள சொற்களை இரண்டு குவியலாகப் பிரித்து வைக்கலாம். எரிச்சல், காந்தல், குத்தல், சுரீர் என்று வருவது, சுள்ளென்று உறைப்பது ஆகியவை ஒரு குவியல். உளைச்சல், கடுப்பு, குடைச்சல், நோவு, பிடிப்பு, இசிவு, குரக்களி ஆகியவை மற்றொன்று. முதல் குவியலில் உள்ளவற்றை விரல் வைத்துக் காட்டலாம். தீப்பட்ட இடம் இது, முள் தைத்த இடம் இது என்று குழந்தைகூடக் காட்டிவிடும். இரண்டாம் குவியலுக்கு விரல் போதாது, உள்ளங்கை வேண்டும். கால் உளைகிறது என்பவர் தொடை முழுவதையும் தடவித்தான் காட்டுவார். இந்தச் சொற்கள் மனத்துக்கு இடம்பெயர்ந்த விதத்திலும் அந்த வேற்றுமை நிலைத்திருக்கிறது. எரிச்சல் ஒரு நொடியில் வந்து மறுநொடியில் போய்விடும். மன உளைச்சலோ நாட்கணக்கில் கிடக்கும். நமக்குக் குடைச்சல் கொடுப்பவர் எளிதில் விட்டுப் போவதில்லை. தோலுக்கும் தசைக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை நம் மொழி பேசியவர்கள் நுண்ணோக்கி எதுவும் இல்லாமலே கண்டுகொண்டார்கள் என்று நினைத்தால் சற்றுப் பெருமையாகவே இருக்கிறது.

நாங்கள் இருவர், அக்காவும் தம்பியும், இக்கட்டுரையைச் சேர்ந்தே எழுதுகிறோம். மருத்துவர்கள் அல்லர். தசைகளின் உணர்நரம்புகளைப் பற்றி வாசிக்க நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் அம்மா.

அம்மா விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஜாக்கெட் தைப்பவர். பகல் முழுவதும் மெஷின், மாலையில் திண்ணை வெளிச்சத்தில் கொக்கி கட்டுவதும் காஜா எடுப்பதும். குனிந்த தலையும், சற்றே தூக்கிய வலத் தோளுமாக அவரை நினைத்துப் பார்ப்பதே எங்களுக்கு இயல்பாகிவிட்டது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயதாகும்போது தலைவலி தொடங்கியது. வலப்பக்க நெற்றிப்பொட்டில், பெரும்பாலும் பிற்பகலில் வரும். முதலில் கண்ணாடியை மாற்றினார்கள். பின்பு ஒற்றைத் தலைவலிக்கான மாத்திரை. அதன்பின் நகரத்தின் பெரிய மருத்துவமனை ஒன்றில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். நல்ல செய்திதான், ஆனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதைத் தொடர்ந்து வந்த வாக்கியம் அவ்வளவு நல்லதாக இல்லை. மகன் ஒரு ஊரில், மகள் ஒரு ஊரில், தனியாக இருக்கிறார் அல்லவா, மனசுதான் காரணம் என்றார் அந்த மருத்துவர். எங்கள் சித்தி இதைக் கேட்டுக்கொண்டு ஊருக்கு வந்து, தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அதன்பின் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அம்மா வலியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. தைலத்தைத் தடவிக்கொண்டு மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

இனி நரம்புக்கு வருவோம். தசைக்குள் நுழையும் நரம்பைப் பற்றிப் பெரும்பாலோர் நினைப்பது, அது மூளையின் கட்டளையைக் கொண்டு செல்லும் கம்பி என்றுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை உடலியங்கியல் படித்தவர்களில் பலரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். 1894-இல் ஆங்கிலேய உடலியங்கியலாளர் சார்லஸ் ஷெரிங்டன், இயக்க இழைகள் தண்டுவடத்திலிருந்து வெளிவரும் வேர்களை வெட்டிவிட்டு, அவை அழிந்துபோன பின்பு தசை நரம்பில் எஞ்சியிருப்பது என்ன என்று எண்ணிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை உயிரோடு இருந்தன. அவை அனைத்தும் உணர்விழைகள்! கட்டளை இறங்கும் பாதையென்று நினைத்திருந்ததில் கிட்டத்தட்ட பாதி, கீழிருந்து மேலே முறையிடும் பாதை. ஷெரிங்டனுக்கு 1932-இல் எட்கர் ஏட்ரியனோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது, நரம்பணுக்களின் செயல்பாட்டைப் பற்றிய மொத்தப் பணிக்காக.

இந்த உணர்விழைகள் எல்லாம் வலிக்கானவை அல்ல. பருமனானவை, தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்பதைச் சொல்பவை. கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட முடிவது அவற்றின் உதவியோடுதான். நொடிக்கு எழுபது மீட்டருக்கு மேல், சிலவற்றில் நூறையும் தாண்டிய வேகத்தில் அவற்றின் செய்தி ஓடும். எஞ்சியவை மெல்லிய இழைகள். டேவிட் லாயிட் 1943-இல் தொடங்கிவைத்த வகைப்பாட்டின் வழியில் அவற்றை மூன்றாம் தொகுதி, நான்காம் தொகுதி என்கிறார்கள். மூன்றாம் தொகுதிக்கு மையலின் என்னும் கொழுப்புறை மெல்லியதாக இருக்கும். நான்காம் தொகுதிக்கு அதுவும் இல்லை. நான்காம் தொகுதியின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில், அதாவது நாம் நிதானமாக நடக்கும் வேகம். காலடியில் கிளம்பும் உளைச்சல் தண்டுவடத்துக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு நொடி எடுத்துக்கொள்கிறது. தசை வலி இந்த இரண்டு மெல்லிய தொகுதிகளின் வேலை.

அவற்றின் முனைகள் எங்கே முடிகின்றன என்பது எங்களுக்கு வியப்பளித்தது. சதைநாரின் மேல் அவை அமர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தோம். இல்லை. தசைக்குள் ஓடும் மிகச் சிறிய தமனிகளின் சுவர்களைச் சுற்றியும், நார்க்கற்றைகளைப் பொதிந்திருக்கும் இணைப்புத் திசுவிலும்தான் பெரும்பாலும் அவை கிளைத்துக் கிடக்கின்றன, உறையேதும் இல்லாமல், மணி கோத்த நூலைப் போல ஆங்காங்கே புடைத்து. தனியொரு தசைநார் செத்துப்போனால் அவற்றுக்குத் தெரியாது. இரத்தம் வருகிறதா, அதில் என்ன மிதக்கிறது, சுற்றுப்புறம் அழுத்தப்படுகிறதா என்பதே அவற்றின் கவலை. கிராமத்தில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து நீர் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீர்க்கட்டியை நினைத்துக்கொண்டோம். வயலுக்குள் அவர் இறங்குவதில்லை. ஆனால் வயல் காய்வதை முதலில் அறிபவர் அவர்.

இரத்தம் வராவிட்டால் என்ன ஆகும் என்று தன் மேலும் பிறர் மேலும் சோதித்துப் பார்த்தவர் தாமஸ் லூயிஸ். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் இதய மருத்துவர். 1931-இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சோதனை இவ்வளவுதான்: மேற்கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி, இரத்த ஓட்டத்தை அடியோடு நிறுத்திவிட்டு, நொடிக்கு ஒருமுறை எதையாவது இறுகப் பற்றி விடச் சொல்வது. அரை நிமிட அளவில் வலி தொடங்கும். ஒரு நிமிடம் கடந்து சற்று நேரத்தில் தாங்கமுடியாமல் போகும். இதுவரை எதிர்பார்க்கக்கூடியதுதான். அடுத்துத்தான் அழகு. பற்றுவதை நிறுத்திவிட்டுக் கையைச் சும்மா வைத்திருந்தாலும், பட்டை இறுகியிருக்கும்வரை வலி அப்படியே நிற்கும். பட்டையைத் தளர்த்திய சில நொடிகளில் மறைந்துவிடும்.

இதிலிருந்து லூயிஸ் செய்த அனுமானம் எளிமையும் கூர்மையும் கொண்டது. வலி சுருக்கத்தினால் அன்று. சுருங்கும்போது பிறந்து, இரத்தம் கழுவிச் செல்லாததால் தேங்கிவிட்ட ஏதோ ஒரு வேதிப்பொருளினால். அதற்குப் பெயர் வைக்க அவர் அவசரப்படவில்லை. 'பி காரணி' என்று மட்டும் குறித்துவைத்தார். இந்தச் சோதனைகளில் அவர் காட்டிய ஈடுபாட்டுக்குப் பின்னால் ஓர் ஆழமான காரணமும் இருந்தது. இதயமும் தசைதான், அதற்கு இரத்தம் குறைந்தால் வருவது நெஞ்சுவலி. லூயிஸுக்கு 1927-இலேயே மாரடைப்பு வந்திருந்தது. 1945-இல் இதயநோயால்தான் இறந்தார். தன் நெஞ்சுக்குள் நடப்பதைக் கையில் நிகழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது.

அந்தப் பி காரணி எது என்ற தேடல் பல பத்தாண்டுகள் நீண்டது. பொட்டாசியம், பிராடிகைனின், செரடோனின் என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஸீக்ஃபிரீட் மென்ஸே இத்துறையில் தன் வாழ்நாளையே செலவிட்டவர்; பூனையின் தசை நரம்பில் ஒற்றை இழையின் மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டே தமனிக்குள் இப்பொருள்களைச் செலுத்திப் பார்த்தார். இந்தப் பட்டியலில் பொதுமக்களிடையே மிகவும் கெட்ட பெயர் வாங்கியது லாக்டிக் அமிலம்தான். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வந்த எவரும் அதைத்தான் திட்டுவார்கள். உண்மை சற்றுச் சிக்கலானது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தன்னார்வலர்களின் கட்டைவிரல் தசைக்குள் அமிலத்தன்மை, லாக்டேட், ஏ.டி.பி. ஆகிய மூன்றையும் தனித்தனியே செலுத்தினார்கள். குறிப்பிடத்தக்க எதுவும் நேரவில்லை. மூன்றையும் கலந்து, மிதமான உழைப்பின்போது தசையில் இருக்கக்கூடிய அளவில் செலுத்தியபோது, அந்த மனிதர்கள் தசை அயர்ந்துபோனது போல் இருக்கிறது என்றார்கள். செறிவைக் கூட்டியபோது நோவு வந்தது.

இதை வாசித்த இரவு நாங்கள் தொலைபேசியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கட்டைவிரல் எந்த வேலையும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சும்மா கிடந்த தசை அயர்ந்ததாக உணர்ந்திருக்கிறது. அப்படியானால் அசதி என்று நாம் சொல்வது தசையின் நிலைமை மட்டும் அன்று. தசையைப் பற்றி மெல்லிய இழைகள் அனுப்பும் ஒரு செய்தியும்கூட. அசதிக்கும் நோவுக்கும் இடையே உள்ளது அளவின் வேற்றுமை. சுண்டெலிகளில் குறைந்த செறிவுக்குத் துடிக்கும் இழைகளும், மிகுந்த செறிவுக்கு மட்டுமே துடிக்கும் இழைகளும் வெவ்வேறாக இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். அசதிக்கென்று ஒரு வாய், நோவுக்கென்று ஒரு வாய்.

மறுநாள் வரும் வலி வேறு கதை. சதுரகிரி ஏறி இறங்கியவர்களுக்கு இது தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும், தொடை எரியும். உட்கார்ந்து ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும். இறங்குவது சுகமாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் பேருந்துப் படியில் கால் வைக்கும்போதுதான் மலை தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். லாக்டேட் ஒரு மணி நேர அளவில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. எனவே மறுநாள் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. இறங்கும்போது தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. அதில் நுண்ணிய சிதைவுகள் நேர்கின்றன. தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902-இலேயே இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எழுதினார். நூறாண்டுக்குப் பின் ஜப்பானில் மிசுமுராவின் குழுவினர் எலிகளில் அடுத்த படியைக் காட்டினார்கள் (2010): அத்தகைய உழைப்புக்குப் பின் தசையில் முதலில் பிராடிகைனின் தோன்றுகிறது, அது நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தைத் தூண்டுகிறது, அது பல மணி நேரம் கழித்துப் பெருகி, மெல்லிய இழைகளின் வாசலைத் தாழ்த்திவிடுகிறது. அதன்பின் சாதாரண அழுத்தமும் நடையும்கூட வலியாகப் பதிவாகின்றன. சும்மா படுத்திருந்தால் வலிக்காமல், அழுத்தினாலோ எழுந்தாலோ மட்டும் அம்மா என்று கத்தவைப்பது ஏன் என்பதற்கு விளக்கம் இதுதான்.

அம்மாவுக்கு வந்தது இந்த இரண்டில் எதுவுமன்று. அவர் மலை இறங்கவில்லை. கையைக் கட்டிவைத்து யாரும் இரத்தத்தை நிறுத்தவில்லை. மிகக் குறைந்த விசையில், மிக நீண்ட நேரம் தோளைத் தூக்கியபடி வைத்திருந்தார், அவ்வளவே. இதற்கு ஒரு கருதுகோள் இருக்கிறது. ஸ்வீடனின் யோரன் ஹாக் 1991-இல் முன்வைத்தது. தசை சுருங்கும்போது நார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதில்லை. சிறிய அலகுகள் முதலில் வரும். விசை கூடக்கூடப் பெரியவை சேரும். விசை குறையும்போது பெரியவை முதலில் ஓய்வுக்குப் போகும், சிறியவை கடைசியில் போகும். லேசான வேலையை நாள் முழுதும் செய்பவரின் தோளில் பெரிய அலகுகள் படுத்துறங்க, அதே சில சிறிய அலகுகள் மட்டும் இடைவிடாமல் உழைத்துக்கொண்டிருக்கும். அடுப்படியில் எல்லோருக்கும் முன்பு எழுந்து எல்லோருக்கும் பின்பு படுக்கப்போகும் பெண்ணின் பெயரை, சிண்டரெல்லா என்பதை, ஹாக் அந்த நார்களுக்கு வைத்தார். கருதுகோள் கருதுகோள்தான், அதற்கு ஆதரவாகவும் எதிராகவும் சான்றுகள் காட்டப்பட்டுள்ளன. ஆனாலும் உடலியங்கியல் கட்டுரைகளில் இப்படியொரு பெயர் எதிர்ப்பட்டபோது நாங்கள் வாசிப்பதைச் சற்று நிறுத்திவிட்டோம். அம்மா படித்திருந்தால் சிரித்திருப்பார்.

தோள் வலிக்கும், சரி. நெற்றிப்பொட்டு ஏன் வலிக்க வேண்டும்? இங்கேதான் லூயிஸிடம் பணியாற்றிய இளைஞர் ஜோனஸ் கெல்கிரென் வருகிறார். 1938-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஆறு விழுக்காடு உப்புக் கரைசலை, மிகச் சிறிதளவு, உடலின் ஒவ்வொரு தசையிலும் ஊசியால் செலுத்தி, எங்கே வலிக்கிறது என்று வரைந்து வைத்தார். உட்பட்டவர்களில் அவரும் ஒருவர். தசையைப் போர்த்தியிருக்கும் உறையிலோ தசைநாணிலோ குத்தினால் வலி குத்திய இடத்தின் அருகிலேயே நின்றது. தசைக்குள் குத்தினாலோ, வலி பரவி, மங்கி, வேறிடத்துக்குப் போனது. பிட்டத்துத் தசையில் போட்ட ஊசி காலில் வலித்தது. தாடைத் தசையில் போட்டது பல்வலியானது. கழுத்தும் தோளும் கூடுமிடத்தில் உள்ள டிரபீசியஸ் தசையில் இதே உப்புக் கரைசலைச் செலுத்திப் பார்த்த பிற்கால ஆய்வாளர்களின் படங்களில், வலி பின்கழுத்து வழியே ஏறி நெற்றிப்பொட்டில் போய் அமர்ந்திருக்கிறது. இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது ஏற்பட்ட உணர்வை இக்கட்டுரையில் விவரிக்கப் போவதில்லை. ஊகித்துக்கொள்ளலாம்.

காரணம் தண்டுவடத்தில் இருக்கிறது. மேலே செய்தி கொண்டுபோகும் நரம்பணுக்கள் குறைவு. கீழிருந்து வரும் இழைகள் அதிகம். எனவே பல இடத்து இழைகள் ஒரே நரம்பணுவில் வந்து சேர்கின்றன. தபால்காரர் ஒருவரே பல தெருக்களுக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போவதைப் போல. மேலே இருக்கும் மூளை, கடிதம் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதைத் தவறாகப் படித்துவிடுகிறது. கழுத்தின் மேற்பகுதி இழைகளும் முகத்திலிருந்து வரும் இழைகளும் இப்படி ஒரே நரம்பணுக்களில் கூடுகின்றன. இன்னொன்றும் உண்டு. பேட்ரிக் வாலும் கிளிஃபர்ட் வுல்ஃபும் 1984-இல் எலிகளில் காட்டியது: தோலின் மெல்லிய இழைகளைச் சில நொடிகள் தூண்டினால் தண்டுவடத்தின் பரபரப்பு சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது, தசையின் மெல்லிய இழைகளை அதே அளவு தூண்டினால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அடங்குவதில்லை. எரிச்சல் விரைவில் போவதும் உளைச்சல் கிடப்பதும் இங்கே அளவையாகவே கிடைத்திருக்கிறது.

அம்மாவின் தோளில் கைவைத்துப் பார்த்தவர் ஓர் இளம் இயன்முறை மருத்துவர். பக்கத்து ஊரில் சிறியதொரு அறை வைத்திருக்கிறார். முழங்காலுக்காகத்தான் அம்மாவை அங்கே அழைத்துப் போனோம். அம்மா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, அவராகவே எழுந்து பின்னால் வந்து, வலத் தோளின் மேல்விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து அழுத்தினார். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, நெற்றிப்பொட்டில் கைவைத்தார்.

"அம்மா, நான் தோளைத்தானே பிடிச்சிருக்கேன், நீங்க ஏன் நெத்தியத் தொடுறீங்க?"

"அங்கனதான் தாயி தெறிக்குது. ரெண்டு வருசமா இதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அடுத்து அவர் கேட்ட கேள்வி, இதுவரை யாரும் கேட்காதது. பத்துக்கு எத்தனை மதிப்பெண் வலி என்று கேட்கவில்லை. எப்படி வலிக்கிறது என்று கேட்டார். தோளில் உளைச்சல், கழுத்தில் இழுத்துப் பிடித்தல், நெற்றியில் தெறிப்பு, மழைக்காலமென்றால் தோள்பட்டைக்குக் கீழே குடைச்சல் என்று அம்மா வரிசையாகச் சொல்ல, அவர் தன் நோட்டில் தமிழிலேயே எழுதிக்கொண்டார். ரொனால்ட் மெல்சாக் 1975-இல் கனடாவில் உருவாக்கிய வினாப்பட்டியலில் வலியைக் குறிக்கும் 78 சொற்கள் இருபது வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன; வலியை எண்ணால் மட்டும் அளக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. அந்தப் பெண் அதைப் படித்திருந்தாரா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அந்த நோட்டுப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெற்றிப்பொட்டு வலியெல்லாம் தோளிலிருந்து வருவதன்று. அறுபதை நெருங்குபவருக்குப் புதிதாகத் தலைவலி வந்தால் ஸ்கேன் உட்படப் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தே ஆகவேண்டும்; அந்த மருத்துவமனை அதைப் பார்த்ததில் எங்களுக்குக் குறையில்லை. ஸ்கேனில் தெரியாதது இல்லாதது ஆகிவிட்டதே, அதில்தான் குறை. நுண்ணிய தமனியின் சுவரைச் சுற்றிக் கிடக்கும், மயிரிழையினும் பலமடங்கு மெல்லிய ஓர் இழை கூடுதலாகத் துடிப்பதை எந்தப் படமும் காட்டாது. அதைக் காட்டக்கூடியவை, அழுத்திப் பார்க்கும் விரலும் அழுத்தப்பட்டவரின் சொல்லும்தான்.

இந்த இழைகள் வலிக்காக மட்டும் இருப்பவை என்று எண்ணிவிடக் கூடாது. 1937-இல் கெய்ரோவில் அலாமும் ஸ்மர்க்கும் லூயிஸின் பட்டைச் சோதனையை ஒத்த ஒன்றைச் செய்து, வலிக்குப் பதில் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார்கள். உழைப்பு நின்ற பின்பும், பட்டை இறுகியிருக்கும்வரை அழுத்தம் இறங்கவில்லை. தசை தனக்கு இரத்தம் போதவில்லை என்று இதயத்துக்குச் சொல்லியனுப்புகிறது, நாம் அறியாமலே. இந்தியாவின் ஔதார் சிங் பெயின்டல், நுரையீரலின் ஜே ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்காக உலகம் அறிந்தவர். அவர் 1960-இல் மூன்றாம் தொகுதி இழைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவற்றில் பல அழுத்தத்துக்கு எழுபவை என்று காட்டி, அழுத்த-வலி ஏற்பிகள் என்று அழைத்தார். இயன்முறை மருத்துவரின் கட்டைவிரலுக்கு அம்மாவின் தோள் கொடுத்த விடையில் பெயின்டலின் இழைகளுக்கும் பங்கு இருந்திருக்கும்.

இவற்றை அடக்கிவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் மார்க்குஸ் ஆமனும் உடனிருந்தவர்களும், பழகிய சைக்கிள் வீரர்களின் கீழ்முதுகில் ஃபென்டனில் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். தசைக்குப் போகும் கட்டளையை அது தடுக்காது. தசையிலிருந்து வரும் முறையீட்டை மட்டும் அமுக்கும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். வீரர்கள் வழக்கத்தைவிட வேகமாகக் கிளம்பினார்கள், கால் இருப்பதே தெரியாதவர்கள் போல. பாதிக்கு மேல் வேகம் விழுந்தது. முடித்த நேரத்தில் ஆதாயம் எதுவும் இல்லை. தசைகளோ வழக்கமான எல்லையைத் தாண்டி அயர்ந்திருந்தன. சைக்கிளிலிருந்து இறங்கி நடக்கவே சிலர் திண்டாடினார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் அந்தப் பையன்களுக்காக வருத்தப்பட்டார். தைப்பதை நிறுத்தச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை, கேட்டாலும் நடக்காது. ஸ்டூலின் உயரம் மாறியிருக்கிறது. மெஷின் மேசைக்கு அடியில் மரக்கட்டை வைத்து இரண்டு அங்குலம் தூக்கியாயிற்று. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கொல்லைவரை போய் வருகிறார். மாலையில் வெந்நீர் ஒத்தடமும் இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த ஐந்து பயிற்சிகளும். தலைவலி வாரத்தில் ஒருநாள் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும் பழையபடி வந்துவிடும், அப்போது ஜாக்கெட்டுகள் மலையாகக் குவிந்துவிடுவதால். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் எப்படி இருக்கிறது என்று கேட்டோம்.

"இன்னிக்கி வெறும் கடுப்புதான்ப்பா. உளைச்சல் இல்ல" என்றார்.